சங்கத்தின் முதல் விதி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே இருபது வீடுகள். பத்து மலையைப் பார்த்திருக்கும், பத்து பள்ளத்தைப் பார்த்திருக்கும். நடுவில் ஒரே சுவர். எங்கள் வீடு மலையைப் பார்த்த பக்கத்தில் கடைசிக்கு முந்தியது. நான் கலியாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்து விளக்கேற்றி நிமிர்ந்தபோது என் தலைக்கு மேலே, கூரை வளையில், இரண்டு நீளப் பலகைகள் கயிற்றில் தொங்கின. பரண் போடத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மாமியார் சொன்னார்: "அது சங்கத்துப் பலகை. பொணம் கழுவுறது. அதுல துணிமணி எதுவும் போட்டுடாத."

மாமனார் அப்போது மரணாதார சங்கத்தின் தலைவர். அதனால் சங்கத்துச் சாமான் எல்லாம் எங்கள் வீட்டில்தான் இருந்தன. பலகை, பெரிய சட்டிகள், மழைக்குக் கட்டும் படங்கு, ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஒரு கொப்பி. அந்தக் கொப்பிக்குக் காக்கித்தாள் உறை போட்டு, நூல் கட்டி, சாமிப்படத்துக்குப் பின்னால் செருகியிருப்பார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். வீட்டில் வாசிக்க வேறு எதுவும் கிடையாது. யாரும் இல்லாத நேரத்தில் அதைத்தான் எடுத்து வாசிப்பேன். முதல் பக்கத்தில் தோட்டப் பள்ளிக்கூட மாஸ்டர் குண்டு குண்டாக எழுதிய மூன்று விதிகள். பிணத்தைத் தனியே விடக் கூடாது, எடுக்கும் வரை வீட்டுக்கு ஒருவர் அங்கே இருக்க வேண்டும். எடுக்கும் வரை லயத்தில் வேறு அடுப்பு எரியக் கூடாது, சங்கமே எல்லாருக்கும் சமைத்துப் போடும். இதை மீறிய வீட்டின் சாவுக்குச் சங்கம் போகாது.

இந்த விதிகள் எப்படி வந்தன என்று மாமனார் எனக்குச் சொல்லியிருக்கிறார். அவருடைய அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். அவர்களோடு வந்த ஒருவர் காய்ச்சலில் செத்துப்போனார். அவருக்கு இங்கே அண்ணன் தம்பி இல்லை, பெண்டாட்டி பிள்ளை இல்லை. அன்றைக்குக் காலையில் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்க நேரமாகிவிட்டது என்று கங்காணி எல்லாரையும் மலைக்கு விரட்டிவிட்டார். பிணம் அவர் இருந்த ஒற்றை அறைக் காம்பராவில் கிடந்தது. சாயங்காலம் வேலை விட்டு வந்து பார்த்தால் கதவு திறந்திருந்தது, உள்ளே நாய்கள். மாமனார் இந்த இடத்தில் எப்போதும் நிறுத்திவிடுவார். அதற்கு மேல் அவருடைய அப்பாவும் சொன்னதில்லையாம். அந்த நாய்களை விரட்டிய ஆறு பேர்தான் கையடித்துச் சத்தியம் பண்ணி சங்கத்தைத் தொடங்கினார்கள். கொப்பியெல்லாம் பிறகுதான் வந்தது.

அதன் பிறகு தோட்டத்தில் தொழிற்சங்கங்கள் வந்தன. உடைந்தன, சேர்ந்தன, மறுபடி உடைந்தன. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. மரணச் சங்கம் மட்டும் உடையவில்லை. சொந்த ஊர் எது என்று தெரியாமல் போன பிறகும், கடிதம் வருவது நின்ற பிறகும், நாம் செத்தால் தூக்க ஆள் இருக்கிறது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எங்கள் ஆட்கள் இந்த மண்ணில் காலூன்றி நின்றார்கள் என்று நினைக்கிறேன். அதே சங்கத்துக்குத்தான் எல்லாரும் பயந்தும் இருந்தோம்.

மாமனாருக்குப் பிறகு என் வீட்டுக்காரர் தலைவரானார். அவர் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை. சாவு வீட்டு வாசலில் நின்று ஒரு சுற்றுப் பார்ப்பார், அவ்வளவுதான். எந்த வீட்டு ஆள் வரவில்லை என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிடும். ஒரு தடவை, லயத்தில் ஒரு கிழவர் இறந்த அன்று, பள்ளத்துப் பக்க வீட்டுக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு அப்புத்தளைக்குப் போய்விட்டார்கள். மகளுக்குப் பரிசம் போடுகிற நாள், நிறுத்த முடியாது என்றார்கள். இரண்டு வருஷம் கழித்து அந்த வீட்டம்மா செத்துப்போனாள். நானும் அவளும் பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவர்கள். மதியச் சோற்றில் பாதி அவளுடையதாகத்தான் இருக்கும்.

"கதவைச் சாத்து" என்றார் இவர்.

சாத்தினேன். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவள் புருஷன் ஒரு பக்கம், மகன்மார் இருவர், நாலாவது தோளுக்கு வெலிமடையிலிருந்து மரக்கறி ஏற்ற வந்த லொறிக்காரர். அந்தச் சிங்கள மனிதர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தூக்கினார். பத்தொன்பது வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. அன்று இவர் சாப்பிடவில்லை. ஆனால் விதியை மாற்றவும் இல்லை.

இதையெல்லாம் சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும்.

போன மாரியில் மலை சரியில்லாமல் போனதை முதலில் பார்த்தவள் நான்தான் என்று சொல்லலாம். லயத்துக்கு மேலே ஒரு துண்டு நிலத்தில் போஞ்சி போட்டிருந்தேன். பாத்தியின் குறுக்கே ஒரு வெடிப்பு. முதலில் விரல் போகும் அளவு. ஒரு வாரத்தில் கை போனது. யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் பேச எனக்கு எப்போதும் வராது. பெரட்டில் பெயர் கொடுக்கும்போதுகூட கணக்கப்பிள்ளை இரண்டு தடவை கேட்பார். வீட்டில் இவரிடம் சொன்னேன். இவருக்கு அப்போதே மூச்சிழுப்பு. தலைவர் வேலையைத் தன் அக்காள் மகனிடமும் கொப்பியைச் செயலாளரிடமும் கொடுத்துவிட்டுப் படுத்துக் கிடந்தார். சாமான்கள் மட்டும் எங்கள் வீட்டிலேயே இருந்தன. "மலைன்னா வெடிக்கத்தான் செய்யும்" என்று திரும்பிப் படுத்தார்.

பிறகு மண்சரிவு பார்க்கிற அரசாங்கக் கந்தோரிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். கம்பு நட்டு, சிவப்பு மை பூசி, "மழை கூடினால் எல்லாரும் ஸ்கூலுக்குப் போய்விட வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஸ்கூல் எதிர்மேட்டில், மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில். நடந்தால் கால் மணி நேரம்.

மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலையில், மலையிலிருந்து இறங்கி நாங்கள் குடம் பிடிக்கிற பீலியில், தண்ணீர் மண் கரைந்து தேத்தண்ணி நிறத்தில் வந்தது. எங்கள் வாசல் கதவு சாத்த முடியாமல் நிலையில் இடித்துக்கொண்டு நின்றது. நான் தோளால் முட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உள்ளே இவருடைய மூச்சுச் சத்தம் நின்றது.

லயம் முழுவதும் வந்துவிட்டது. வளையிலிருந்து பலகையை இறக்கினார்கள். குளிப்பாட்டி, நெற்றியில் திருநீறு பூசி, கால் கட்டைவிரலைக் கட்டி, தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். தலைமாட்டில் விளக்கு வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பெண்டாட்டி பிணம் எடுக்கும் வரை எழுந்திருக்கக் கூடாது. அது கொப்பியில் எழுதாத விதி.

ஆற்றில் வெள்ளம். மயானம் ஆற்றுக்கு அப்பால். கீழே வளைவில் ரோட்டில் மண் சரிந்து எந்த வாகனமும் வரவில்லை. தெமோதரைப் பக்கம் ரயிலும் நின்றுவிட்டது என்றார்கள். மகன் கொழும்பில் கடையில் வேலை. போனில் அழுதான்.

"அம்மா, நான் வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்க. நடந்தாவது வந்து சேந்துடுறேன். அப்பாவைத் தனியா விட்டுடாதீங்க."

"சரிப்பா" என்றேன். வேறு என்ன சொல்வது.

வீட்டுக்கு ஒருவர் என்பது விதி. ஆனால் மழையில் யார் தனியாக வீட்டில் கிடப்பார்கள்? பிள்ளைகள், கைக்குழந்தைகள், கிழடுகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையில் இடமில்லாமல் வாசலில் படங்கைக் கட்டினார்கள். படங்கின் ஒரு முனையை மலைப்பக்கத்துச் சிவப்பு மைக் கம்பிலேயே கட்டியிருந்தார்கள். மலையை வெட்டிய மண்சுவருக்குக் கீழே சட்டி வைத்துச் சோறு பொங்கியது. யாரோ சீட்டுக்கட்டு எடுத்தார்கள்.

மதியம் போல கிராம சேவகர் முழங்கால் வரை சேற்றோடு ஏறி வந்தார். சின்ன வயது. சிங்களம் கலந்த தமிழில் படபடவென்று பேசினார்.

"என்ன நீங்க எல்லாம் இங்க? உடனே ஸ்கூலுக்குப் போங்க. மேல மலை நல்லா இல்ல. நான் மூணு தரம் போன் பண்ணினேன்."

அக்காள் மகன்தான் இப்போது தலைவர் என்றேனே, அவன் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றான். "சாவு விழுந்திருக்குங்க மாத்தயா. பொணத்த வச்சிக்கிட்டு எப்படிப் போறது?"

"அப்ப அதையும் தூக்கிட்டுப் போங்க."

"ஒரு வாசல்ல கெடத்தின பொணத்த இன்னொரு வாசல்ல ஏத்தக் கூடாதுங்க. அங்கிட்டு அம்மன் கோயிலு வேற."

"புதைச்சிடுங்க."

"ஆத்துல கழுத்தளவு தண்ணி."

கிராம சேவகர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கு இன்னும் இரண்டு லயம் பார்க்க வேண்டியிருந்தது. "நான் சொல்லிட்டேன்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் போன பிறகு படங்குக்குக் கீழே சிரிப்பு கேட்டது.

"பொணத்தையும் ஸ்கூல்ல சேக்கச் சொல்றாரு."

"மாமா அந்தக் காலத்துல ரெண்டாங்கிளாசோட நின்னுட்டாரு. மிச்சத்த இப்பப் படிக்கட்டுமே."

இவர் உயிரோடு இருந்தால் யாருக்கும் அப்படிப் பேச வாய் வந்திருக்காது.

நான் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினேன். அப்போதுதான் கவனித்தேன். எண்ணெய் ஒரு பக்கமாகவே நின்றது. பள்ளத்துப் பக்கம் விளிம்பு வரை வந்து தரையில் வழிந்தது. விளக்கைத் துடைத்து நேராக வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே பக்கம் வழிந்தது. நாற்பத்து நாலு வருஷம் அதே இடத்தில் விளக்கு வைத்தவள் நான். அந்தத் தரையில் எண்ணெய் வழிந்ததே இல்லை. மூன்றாம் தடவை வழிந்தபோது சுவருக்குள்ளே மணல் உதிர்கிற சத்தமும் கேட்டது. எலி ஓடுகிற மாதிரி, ஆனால் நிற்காமல்.

பக்கத்து வீட்டுக்காரி என் தோளோடு உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் சொன்னேன். "தங்கச்சி, தரை சரியுது. ஆம்பளைங்ககிட்ட சொல்லு. எல்லாரும் போகட்டும்."

அவள் எழுந்துபோய் அவள் புருஷனிடம் சொன்னாள். அவர் தலைவனிடம் சொன்னார். தலைவன் அங்கிருந்தே பதில் சொன்னான்.

"அத்தை பயந்துபோயி கெடக்கு. சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி குடுங்க."

தேத்தண்ணி வந்தது. சீனி கூடத்தான் இருந்தது.

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். இஸ்தோப்பில் பிள்ளைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டுக்காரியின் பேத்திக்கு அப்போது நாற்பது நாள்கூட ஆகவில்லை. இத்தனை பேரும் எதற்காக இருக்கிறார்கள்? என் வீட்டுக்காரருக்காக. எழுந்து போனால் நாளைக்குத் தங்கள் வீட்டில் தூக்க ஆள் இருக்காது என்பதற்காக. பத்தொன்பது வீட்டுக் கதவைச் சாத்த வைத்த மனுஷன் செத்த பிறகும் இவர்களைப் பிடித்து வைத்திருக்கிறார். அவர்களை விடச் சொல்ல வேறு யாருக்கும் அதிகாரம் இல்லை. எனக்கு மட்டும்தான் இருந்தது. ஆனால் எனக்குப் பேச வராது.

எழுந்திருப்பது பேசுவதை விடச் சுலபமாக இருந்தது. எழுந்துவிட்டேன்.

யாரோ "ஐயோ" என்றார்கள். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் உட்கார்ந்துவிடுவேன். மூலையில் இருந்த குடையை எடுத்தேன். தலைவன் வாசலில் குறுக்கே வந்தான்.

"எங்கத்தை போறீங்க?"

"ஸ்கூலுக்கு."

"மாமாவ விட்டுட்டா?"

"ஆமாப்பா."

"புத்தி கெட்டுப் போச்சா அத்தை? நீங்க எந்திரிக்கலாமா? சங்கத்துல..."

அவன் முடிப்பதற்குள் நான் படங்குக்கு வெளியே வந்துவிட்டேன். மழையில் குடை விரியவில்லை, மடக்கியபடியே பிடித்துக்கொண்டு நடந்தேன். பின்னால் கிழவி ஒருத்தி என்னைப் பேசக் கூடாத பேச்சுப் பேசினாள். மண் படிகளில் பாதி இறங்கியபோது காலடிச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி, மார்பில் பேத்தி.

"பொண்டாட்டியே போறா. நாங்க இருந்து யாருக்கு என்ன?" என்று அவள் மேலே பார்த்துக் கத்தினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, பிறகு பிள்ளைகள், பிறகு ஆண்கள், சோற்றுச் சட்டியைக் கம்பில் மாட்டித் தூக்கிக்கொண்டு. கடைசியாகத் தலைவன் வந்தான். வீட்டைச் சாத்திவிட்டு வந்ததாகச் சொன்னான். அந்தக் கதவு சாத்தாது என்று எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.

இரண்டு நாள் ஸ்கூலில் இருந்தோம். வகுப்பறையில் எல்லாரும் என்னைச் சுற்றி ஒரு பாய் அகலம் இடம் விட்டுப் படுத்தார்கள். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எதிர்மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பனி மூடிக் கிடந்தது. விலகும்போதெல்லாம் லயத்தின் தகரம் தெரிந்தது. மலை வந்து அதை மூடிவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்படி நினைத்ததையும் எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் வெயில் வந்தது. ஏறிப் போனோம். லயம் அப்படியே நின்றது. ஒரு தகரம்கூடப் பறக்கவில்லை. எங்கள் போஞ்சிப் பாத்தி இருந்த இடம் மட்டும் ஓர் ஆள் உயரம் கீழே இறங்கி, மேலே செம்மண் வாயைத் திறந்துகொண்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் பார்த்தார்கள். அது பாதி திறந்திருந்தது.

உள்ளே இருந்ததைச் சொல்ல மாட்டேன். மாமனாரின் அப்பாவும் ஏன் சொல்லாமல் விட்டார் என்று அன்று விளங்கிற்று.

மகன் அன்று மதியம் வந்து சேர்ந்தான். கால் இரண்டும் வெடித்து ரத்தம். என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டான்: "தனியாவா விட்டீங்க?" பிறகு கொழும்புக்குத் திரும்பிப் போகும் வரை என்னோடு பேசவில்லை. தப்பு மேளம் இல்லாமல், பாட்டு இல்லாமல், மூக்கில் துணி கட்டிய நாலு பேர் ஓட்டமாகத் தூக்கிக்கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

முப்பதாம் நாள் காரியம் கழிந்து சங்கம் கூடியது. எல்லாருமே எழுந்து போனவர்கள், அதனால் யாரையும் தள்ளி வைக்க முடியவில்லை. "மலை வரலையே" என்றுதான் ஆளாளுக்குச் சொன்னார்களாம். "பொம்பள ஒருத்தி எந்திரிச்சிப் போனதுக்கு நம்ம எல்லாரும் பின்னால ஓடினோம், சிரிப்பாச் சிரிக்குது ஊரு" என்றாராம் ஒருவர். கடைசியில் கொப்பியில் நாலாவது விதி எழுதினார்கள். இனிமேல் மழையானாலும் புயலானாலும் வீட்டுக்கு ஓர் ஆண் பிணத்தோடு கட்டாயம் இருக்க வேண்டும். மற்றவர்கள் போகலாம்.

பக்கத்து வீட்டுக்காரி இதை வந்து சொன்னபோது விரல் விட்டு எண்ணினேன். ஆணில்லாத என் வீடு போக, பத்தொன்பது வீட்டுக்குப் பத்தொன்பது ஆண்கள்.

கந்தோர் ஆட்கள் மறுபடி வந்தார்கள். வேறு இடத்தில் காணி தருவோம் என்றார்கள். இன்னும் தரவில்லை. நாங்கள் அதே லயத்தில்தான் இருக்கிறோம். கதவைத் தச்சர் வந்து கீழே சீவிச் சாத்தும்படி பண்ணிக்கொடுத்தார். இப்போது அது மறுபடியும் சாத்த மாட்டேன் என்கிறது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "அத்தைக்கு எண்ணெய் வழியும், கதவு சாத்தாது" என்று தலைவன் என் முகத்துக்கு நேராகவே கேலி பண்ணுகிறான். கெட்ட பையன் இல்லை அவன். எனக்கு விறகு வெட்டிப் போடுகிறவனும் அவன்தான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள்.

போன வாரம் சங்கச் செயலாளரிடம் போனேன். எனக்கு மருமகன் முறை. இஸ்தோப்பில் உட்கார்ந்து ரேடியோ திருத்திக்கொண்டிருந்தார்.

"தம்பி, கொப்பியில ஒண்ணு எழுதணும்."

"என்னங்க மாமி?"

"நான் மழைநாள்ல செத்தா என்கூட யாரும் இருக்க வேணாம். கதவை வெளியில கட்டிட்டு எல்லாரும் போயிடணும். நான் சொன்னதா எழுதுங்க."

அவர் ரேடியோவைக் கீழே வைத்தார். "அப்படி ஒரு ஆளுக்கு மட்டும் எழுத முடியாதுங்க மாமி. பெறகு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க."

"வந்து நிக்கட்டுமே."

துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு கொப்பியை எடுத்து, நாலாவது விதிக்குக் கீழே, பென்சிலால் எழுதினார். மையால் எழுத வேண்டுமானால் கூட்டத்தில் கேட்க வேண்டுமாம். நானே வந்து கேட்க வேண்டுமாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம். பெண்கள் யாரும் அங்கே போய்ப் பேசியதில்லை. பக்கத்து வீட்டுக்காரி கூட வருகிறேன் என்கிறாள். ஆனால் பேச வேண்டியது நான்தான். என்னுடைய சாவுக்கு மட்டும் கேட்டால் போதாது, நாலாவது விதியையே கோடு போட்டு அடிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டு நாளாக அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். மூன்றாவது சொல்லில் குரல் போய்விடுகிறது. அதனால்தான் முதலில் எழுதிப் பார்க்கிறேன்.

இன்று வியாழக்கிழமை. காலையிலிருந்து மழை பிடித்திருக்கிறது. கடைசி வீட்டுக் கிழவர் நேற்றிலிருந்து கஞ்சி குடிக்கவில்லை என்கிறார்கள். தலைவன் சற்று முன் வந்து, சும்மா பார்க்கத்தான் என்று சொல்லிக்கொண்டு, வளையில் தொங்கும் பலகையின் கயிற்றை அவிழ்த்துப் பார்த்துவிட்டுப் போனான்.

பீலிக்குப் போய் ஒரு குடம் பிடித்து வந்தேன். தண்ணீர் இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது.